3 கோடி, பிறகு 40 லட்சம்

ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவர் பெரிய கிரிக்கெட்டை நேரில் பார்க்க சேப்பாக்கம் வரை போக வேண்டியதில்லை. பழனி சாலை வழியாகத் திண்டுக்கல் வந்து, அங்கே நத்தம் பஸ் பிடித்தால் போதும். என்.பி.ஆர். கல்லூரி வளாகத்துக்குள் ஒரு மைதானம் இருக்கிறது. தமிழ்நாடு பிரீமியர் லீக், அதாவது டிஎன்பிஎல், 2016-இல் தொடங்கிய முதல் சீசனிலேயே அங்கே ஆட்டங்கள் நடந்தன. அந்த சீசனில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து ஓர் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் வந்திருந்தார். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். முந்தைய ஆண்டு ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோதே பந்துவீச்சு முறை விதிக்கு உட்பட்டதல்ல என்று புகார் எழ, பந்து வீசும் விதத்தையே மாற்றிக்கொண்டு திரும்பியவர். ஒரு சூப்பர் ஓவரில் அவர் யார்க்கருக்கு மேல் யார்க்கராக இறக்கியதைப் பார்த்தபின் நடராஜன் என்ற பெயர் மாநிலம் முழுக்கப் பரவியது.

2017 பிப்ரவரி ஐபிஎல் ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். கிங்ஸ் லெவன் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அந்த சீசனில் ஆறு ஆட்டம் ஆடி இரண்டே விக்கெட் எடுத்தார். பஞ்சாப் கைவிட்டது. 2018 ஏலத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் வைத்திருந்தது. மூன்றாவது சீசனில், 2020-இல், 16 விக்கெட். அந்தக் குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்று வடிவத்திலும் இந்திய அணிக்கு அறிமுகமானார்.

ஆள் ஒருவர்தான், இடது கையும் அதுவேதான். ஓராண்டு இடைவெளியில் 3 கோடியும் 40 லட்சமும் விலையாக விழுந்தன. இதில் எந்த விலை சரி, எதை வைத்து அந்த விலை சொன்னார்கள், இளம் ஆட்டக்காரனின் எதிர்காலத்தை யாராலாவது முன்கூட்டிச் சொல்ல முடியுமா? தொழில்முறை விளையாட்டு நடக்கும் எல்லா நாடுகளிலும் இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் பல நூறு கோடி ரூபாய் செலவாகிறது. தமிழ்நாட்டில் இதற்கான சான்றுகள் கடந்த பத்தாண்டில் நிறையச் சேர்ந்துவிட்டன.

இளம் ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பங்கிட உலகில் இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று டிராஃப்ட். அணிகள் வரிசையில் நின்று முறைவைத்து ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுக்கும். ஊதியம் பெரும்பாலும் முன்பே நிர்ணயமாகியிருக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலின் என்எஃப்எல் இதற்குப் பேர்போனது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை. இன்னொன்று ஏலம். கையில் இருக்கும் தொகைக்குள் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு ஆள்.

நம் ஊர் இரண்டையும் பார்த்திருக்கிறது. டிஎன்பிஎல் 2022 வரை டிராஃப்ட்டில் ஓடியது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் முதல் ஏலம் நடந்தது. அணிக்கு 70 லட்சம் ரூபாய், அதற்குள் ஆட்களை எடுக்க வேண்டும். லைகா கோவை கிங்ஸ் அதில் 21.60 லட்சத்தை, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை, சாய் சுதர்சன் ஒருவருக்கே கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அவருக்கு ஐபிஎல்லில் குஜராத் டைட்டன்ஸ் கொடுத்துவந்தது 20 லட்சம். மாநில லீக்கின் விலை தேசிய லீக்கின் விலையைத் தாண்டியது. கோவைக்காரர்கள் பைத்தியக்காரத்தனம் செய்கிறார்கள் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. அந்த மே மாதம் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக அவர் 47 பந்தில் 96 அடித்தபின் சிரிப்பு அடங்கியது.

ஐபிஎல்லிலும் டிராஃப்ட் நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். 2008 மார்ச்சில், 19 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை வென்று வந்த கையோடு, அந்த அணியின் பையன்களை வரிசை முறையில் பங்கிட்டார்கள். டெல்லி அணிக்குத் தங்கள் ஊர் விராட் கோலியை எடுக்கும் வாய்ப்பு வந்தது. கோப்பை வென்ற கேப்டன் அவர். டெல்லி அவரை விட்டுவிட்டு இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. சேவாக், கம்பீர் என்று மட்டையாளர்கள் ஏற்கெனவே வரிசையாக இருக்கும்போது இன்னொரு மட்டையாளர் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. பெங்களூரு கோலியை எடுத்தது.

டெல்லியை இன்று கேலி செய்வது எளிது. ஆனால் அவர்கள் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயமே உலகெங்கும் அணிகளைக் கவிழ்த்திருக்கிறது. இன்று அணியில் எந்த இடம் காலியோ அதற்கு ஆள் தேடுவதா, வரிசையில் இருப்பவர்களில் யார் கெட்டிக்காரரோ அவரை எடுப்பதா என்பதே டிராஃப்ட் கலையின் மூத்த சண்டை. வந்து சேரும் பையனுக்கு வயது 19. அவன் முழு ஆட்டக்காரனாக நாலைந்து ஆண்டு ஆகும். அதற்குள் இன்றைய காலியிடம் நிரம்பி, வேறு இடம் காலியாகியிருக்கும். அனுபவசாலியை வாங்கும்போது தேவையைப் பார்ப்பது சரி. பையனை எடுக்கும்போது தேவை பார்ப்பது அநேகமாக நஷ்டக் கணக்கு.

இந்தச் சண்டை உச்சத்துக்குப் போகும் இடம் என்எஃப்எல்லின் குவார்ட்டர்பேக். பந்து ஒவ்வொரு முறையும் முதலில் அவர் கைக்கு வரும். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தன்மேல் பாய வருபவர்களைத் தவிர்த்து, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அவர் சரியில்லை என்றால் மற்ற பத்துப் பேர் எவ்வளவு நல்லவர்களானாலும் பயனில்லை. ஆகவே நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணிக்கு ஆண்டுதோறும் கல்லூரிப் பையன்களைப் பார்த்துப் பேராசை வரும்.

அந்தப் பேராசையின் வரலாறு படிக்கச் சுவையானது. 1998-இல் பெய்ட்டன் மேனிங்கா ரயன் லீஃபா என்று நாடே விவாதித்தது. முதலில் போன மேனிங் சகாப்தமானார், இரண்டாவதாகப் போன லீஃப் சில ஆண்டில் காணாமல் போனார். 2000-இல் டாம் பிரேடியை 199-ஆவது ஆளாக, ஆறாம் சுற்றில் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். தேர்வு முகாமில் 40 கெஜ ஓட்டத்தை அவர் 5.28 நொடியில் ஓடினார், மெதுவான நேரம். மேலாடையின்றி நிற்கும் அன்றைய படத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் போலவே தெரியமாட்டார். பிறகு என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார். 2017-இல் சிகாகோ அணி ஓரிடம் மேலேறுவதற்காகத் தன் தேர்வு உரிமைகள் சிலவற்றை விட்டுக்கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தது. பின்னாளில் நட்சத்திரமான பாட்ரிக் மஹோம்ஸ் பத்தாவதாகக் கான்சாஸ் சிட்டிக்குப் போனார்.

2021-இல் சான் பிரான்சிஸ்கோ செய்தது இந்தக் கதைகளுக்கெல்லாம் சிகரம். 12-ஆவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏற, அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் கூடவே ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் கொடுத்து டிரே லான்ஸை எடுத்தார்கள். கல்லூரியில் ஒரே ஒரு முழு சீசன் ஆடியவர் லான்ஸ். அடுத்த ஆண்டு அதே அணி, டிராஃப்ட்டின் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில், பிராக் பர்டி என்பவரை எடுத்தது. நான்கு ஆண்டு கல்லூரி அணியை நடத்தி வந்தவர். லான்ஸ் காயப்பட்டு, நான்கு ஆட்டங்களை மட்டும் தொடங்கிய கணக்கோடு 2023-இல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். பர்டி 2024 பிப்ரவரியில் அணியை சூப்பர் பவுல் இறுதிக்குக் கொண்டுபோனார். ஒரே அலுவலகம், ஒரே தேர்வுக் குழு. உலகத்தையே கொடுத்து வாங்கியது தோற்றது, மிச்சத்தில் பொறுக்கியது ஜெயித்தது.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும். தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பெற்றவர். ஒரே இடத்தில் ஆடும் இருவர் டிராஃப்ட்டில் அடுத்தடுத்துத் தேர்வானால், முதலில் தேர்வானவர் அதிக ஆட்டங்களில் இறங்குவதற்கான வாய்ப்பு 52 சதவீதம் என்று அவர்கள் கண்டார்கள். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். அந்தக் கூடுதல் இரண்டு சதவீதத்துக்காக அணிகள் கொடுக்கும் விலை மிக அதிகம் என்பது அவர்கள் தீர்ப்பு. தேர்வாளர்களுக்குத் திறமையே தெரியவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. முதல் சுற்றில் போகிறவர்கள் மொத்தத்தில் ஏழாம் சுற்றுக்காரர்களைவிட நல்லவர்கள்தாம். தனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும் என்று தேர்வாளர் நம்புவதே கோளாறு. அதற்கு மருந்து, ஒரு பெரிய உரிமையை விற்றுப் பல சிறிய உரிமைகளைச் சேர்ப்பது.

பணத்தின் பங்கும் இங்கே உண்டு. 2010-இல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். மறு ஆண்டு புதியவர்களின் ஊதியத்துக்கு வரம்பு வந்தது; அந்த ஆண்டின் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 22 மில்லியன். அன்று முதல் நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைத்த அணி, அவர் மலிவாக இருக்கும் நான்கு ஆண்டுக்குள் மிச்சப் பணத்தை மற்ற இடங்களில் கொட்டிக் கோப்பை தேடுவது வழக்கமாகிவிட்டது. ஐபிஎல்லிலும் இதே தந்திரம்தான்: 20, 30 லட்சத்துக்கு ஒரு சாய் சுதர்சன் அமைந்துவிட்டால் அணியின் பையில் பெரிய ஓட்டையை அடைக்கலாம்.

அமெரிக்கக் கதை இவ்வளவு போதும். நம் பக்கத்தில் அதைவிடத் தெளிவான ஒரு பாடம் கிடக்கிறது.

வருண் சக்கரவர்த்தி பள்ளியில் விக்கெட் கீப்பர். 17 வயதில் கிரிக்கெட்டை விட்டுக் கட்டடக்கலை படித்து, வேலைக்கும் போனவர். திரும்பி வந்து வேகப்பந்து வீசினார். முழங்காலில் அடிபட்டதும் சுழலுக்கு மாறினார். 2018 டிஎன்பிஎல்லில் அவர் ஆடிய மதுரை பாந்தர்ஸ், இறுதியில் திண்டுக்கல் டிராகன்ஸை வென்று கோப்பை எடுத்தபோது, அவரை யாராலும் அடிக்க முடியவில்லை. ஓவருக்கு ஐந்து ரன் கூடக் கொடுக்கவில்லை. ஏழு விதப் பந்து வீசுகிறாராம் என்ற பேச்சு டிசம்பரில் ஜெய்ப்பூர் ஏல அறை வரை போயிருந்தது. அடிப்படை விலை 20 லட்சம், பஞ்சாப் 8.40 கோடிக்கு எடுத்தது.

2019 மார்ச் 27, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். வருணின் முதல் ஐபிஎல் ஓவர், எதிரே சுனில் நரைன். ஓவர் முடிந்தபோது 25 ரன். அதுவரை ஐபிஎல்லில் எந்த அறிமுக ஆட்டக்காரரும் தன் முதல் ஓவரில் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்த ஓர் ஆட்டத்தோடு விரலில் காயமாகி அவருடைய சீசன் முடிந்தது. பஞ்சாப் விடுவித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு, ஏறத்தாழ பாதி விலைக்கு, எடுத்தது. 2020-இல் 17 விக்கெட். 2024-இல் கொல்கத்தா கோப்பை வென்றபோது 21. 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் இந்தியாவுக்காக மூன்றே ஆட்டத்தில் ஒன்பது விக்கெட்.

நடராஜனையும் வருணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். இருவரையும் முதலில் கண்டுபிடித்தது ஒரே அணி. பஞ்சாபின் கண்ணில் குறையே இல்லை. மற்ற அணிகளுக்கு முன்பே பார்த்தது, விலை கொடுக்கவும் தயங்கவில்லை. ஒரு சீசன் பொறுக்காமல் கைவிட்டதுதான் பிழை, அந்த அவசரத்துக்குத் தூண்டுதல் அதே விலை. 3 கோடிக்கு வாங்கியவரை பெஞ்சில் உட்காரவைத்தால் முதலாளி கேட்பார், டிவி கேட்கும். ஆகவே ஆயத்தமாகும் முன்பே இறக்குவார்கள். அடி வாங்கினால் தூக்கிவிடுவார்கள், சீசன் முடிந்ததும் பணத்தை மீட்க விடுவிப்பார்கள். 40 லட்சத்துக்கு வாங்கியவரை இரண்டு ஆண்டு உட்காரவைத்தால் யாரும் கேட்பதில்லை. ஹைதராபாத்தில் நடராஜன் அந்த இரண்டு ஆண்டும் முத்தையா முரளிதரன் போன்றவர்கள் பார்வையில் வலையில் வீசிக்கொண்டே இருந்தார்.

சாய் கிஷோர் கதையும் இதே பாதைதான். சென்னை சூப்பர் கிங்ஸ் 2020-இல் 20 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் வைத்திருந்தும் ஓர் ஆட்டம் கூடக் கொடுக்கவில்லை. குஜராத் 2022-இல் 3 கோடிக்கு எடுத்து இறக்கியது. 2025-இல் 19 விக்கெட். முருகன் அஸ்வினுக்கோ எதிர்த்திசை: 2016-இல் 10 லட்சத்திலிருந்து 4.50 கோடிக்கு ஏறி, அடுத்த ஆண்டே 1 கோடிக்கு இறங்கினார். நல்ல லெக் ஸ்பின்னர்; ஆனால் அந்த முதல் விலை அவரை விட்டு நகரவே இல்லை, எங்கே ஆடினாலும் அந்த எண்ணைச் சொல்லியே அறிமுகப்படுத்தினார்கள்.

ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் தொழில்நுட்ப உதவியோடு நடக்கும் காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டு நாற்று வாங்கும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிழல்வலைக்குள் எல்லா நாற்றும் ஒரே பச்சையாகத்தான் நிற்கும். எடுத்த மறுநாளே உச்சி வெயிலில் நட்டால் நல்ல நாற்றும் துவளும். தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, கடினப்படுத்திய பிறகே நடுகிறார்கள்.

என்எஃப்எல்லிலும் கடினப்படுத்திய குவார்ட்டர்பேக்குகள் உண்டு. மஹோம்ஸ் முதல் ஆண்டு முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்து, கடைசியில் ஓர் ஆட்டம் மட்டும் ஆடினார். கிரீன் பே அணி 2005-இல் எடுத்த ஏரன் ராட்ஜர்ஸை மூன்று ஆண்டு உட்காரவைத்தது. ஜோர்டான் லவ்வையும் அதே போல மூன்று ஆண்டு. அங்கே இது சாத்தியமாவதற்கு ஒரு காரணம், டிராஃப்ட்டில் எடுத்தவர் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அதே அணியில் இருப்பார். வளர்த்த பலன் வளர்த்தவனுக்கே கிடைக்கும். ஐபிஎல்லில் மூன்று ஆண்டுக்கொருமுறை பெரிய ஏலம் வந்து அணியைக் கலைத்துப்போடுகிறது. பொறுமையாக ஒருவரை வளர்த்தால் அறுவடை பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும் அபாயம் எப்போதும் உண்டு. குஜராத் சாய் சுதர்சனை 2022-இலிருந்து விடாமல் வைத்திருந்ததால் 2024-இல் 527 ரன், 2025-இல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி என்று படிப்படியாகப் பலன் கண்டது. பெரிய ஏலத்துக்கு முன் 8.50 கோடி கொடுத்து அவரைத் தக்கவைத்த பிறகுதான் அந்தத் தொப்பி வந்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். கைவிடப்பட்டு மீண்டவர்களின் கதை மட்டுமே நமக்குத் தெரியும். ஒரு முறை கைவிடப்பட்டபின் யாரும் எடுக்காமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் இன்னொரு நடராஜன் இருந்தாரா என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. பொறுமை காட்டியும் தேறாதவர்கள் உண்டு. பெரிய விலைக்கு முதல் நாளே நியாயம் செய்தவர்களும் உண்டு, மேனிங் போல. பொறுமை எல்லா நோய்க்கும் மருந்தாகாது. ஆனால் 52 சதவீதம் மட்டுமே தெரிந்த விஷயத்தில் ஒரே சீசனில் தீர்ப்பு எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது.

கபடியில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. குவார்ட்டர்பேக்குக்கு நம் ஆட்டங்களில் நெருங்கிய ஆள் முதன்மை ரெய்டர்தான். 30 நொடி, ஒற்றை ஆள், எதிரே ஏழு பேர். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பினால் மூன்றாவது வாழ்வா சாவா ரெய்டு. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். அவர் வெளியே உட்கார்ந்தால் அணியும் சேர்ந்து உட்காரும்.

தமிழ் தலைவாஸ் 2022-இல் புரோ கபடி ஒன்பதாம் சீசன் ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தது. அன்றைய தேதிக்கு லீக் வரலாற்றின் மிகப் பெரிய விலை. அணியின் மொத்தத் தொகையில் ஏறத்தாழ பாதி. முதல் ஆட்டத்தின் பத்தாவது நிமிட வாக்கில் அவர் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார், சீசன் முழுக்கத் திரும்பவில்லை. பெரும் பணம் போனது என்று எல்லோரும் கைகழுவிய நேரத்தில், வடக்கிலிருந்து முதல் சீசன் ஆடவந்திருந்த நரேந்தர் என்ற இளைஞரை நம்பி அணி நடந்தது. அவர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. பவன் நன்றாக இருந்திருந்தால் நரேந்தருக்கு அத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. அதிலிருந்து அணி நிர்வாகம் என்ன கற்றது என்று கேட்டால், 2024-இல் சச்சின் தன்வாருக்கு 2.15 கோடி கொடுத்தது. அந்த சீசனில் பிளேஆஃப் எட்டவில்லை.

திண்டுக்கல் வட்டாரத்தில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் இரவுக் கபடியைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் கண்ணில் படும். மண் தரையில் வெறுங்காலோடு ஆடும் பையன், இறங்கும்போது கால் கொஞ்சம் வழுக்கும் என்று கணக்குப் போட்டே திரும்புவான். மேட் விரிப்பில் ஷூ போட்டு அதே திருப்பத்தைத் திரும்பினால் கால் ஒட்டிக்கொள்ளும், உடல் மட்டும் சுழலும், கணுக்கால் பிசகும். மண்ணில் பத்துப் பேரைத் தொட்டவன் விரிப்பில் முதல் வாரம் தடுமாறுவது இதனால்தான். தேர்வாளர் அந்த வாரத்தில் வந்து பார்த்தால் இவனுக்கு வேகமில்லை என்று எழுதிவிட்டுப் போவார். டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு வருபவர்களுக்கும் இதேதான். கல்லூரியில் எளிய ஆட்டமுறைக்குப் பழகி வரும் குவார்ட்டர்பேக்குகள் தொழில்முறைக் களத்தில் முதலில் தடுமாறுவதும் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

அப்படியானால் எதைப் பார்த்து எடுப்பது? எண்களைப் பார் என்பது ஒரு கட்சி, கண்ணை நம்பு என்பது இன்னொரு கட்சி. எண்களில் பெரிய ஓட்டை, எதிரில் ஆடியவர் யார் என்பதை அவை சொல்லாது. ஏழு, எட்டு ஆட்டம் கொண்ட டிஎன்பிஎல் சீசனில் ஒருவர் இரண்டு நாள் அடித்தாலே சராசரி எகிறிவிடும். கண்ணில் பெரிய ஓட்டை, அது அழகுக்கு மயங்கும். பிரேடியைக் கோட்டைவிட்டது அந்தக் கண். இந்தக் கட்டுரையின் கட்சி மூன்றாவது: அடி வாங்கிய மறு பந்தைப் பார். யார்க்கர் தவறி சிக்சர் போனபின் அடுத்த பந்தையும் அதே இடத்துக்கு முயல்கிறானா, பயந்து அளவைக் குறைக்கிறானா? ரெய்டரின் மொத்தப் புள்ளியைவிட வாழ்வா சாவா ரெய்டில் எத்தனை முறை திரும்பி வந்தான்? பர்டி, லான்ஸ் இருவரில் பர்டியிடம் இருந்தது இந்தச் சரக்கு. நான்கு ஆண்டு, ஜெயித்தும் தோற்றும் ஆடிய பதிவு. லான்ஸிடம் இருந்தது ஓராண்டின் பளபளப்பு.

மும்பை இந்தியன்ஸ் இந்த விஷயத்தில் மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டது. பும்ராவை 2013-இல் பயிற்சியாளர் ஜான் ரைட் பார்த்து எடுத்ததிலிருந்தே அந்த அணியின் ஆட்கள் மாநில ஆட்டங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேரள சீனியர் அணிக்கே ஆடாத விக்னேஷ் புதூரை 30 லட்சத்துக்கு எடுத்து, தென்னாப்பிரிக்கா லீக்குக்கு நெட் பவுலராகக் கூட்டிப்போய்ப் பழக்கி, 2025 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராகவே இறக்கினார்கள். மூன்று விக்கெட். மஞ்சள் சட்டைக்காரர்கள் வாயடைத்துப் போன மாலை அது.

சென்னை சூப்பர் கிங்ஸைப் பற்றித் தமிழ்நாட்டு டீக்கடைகளில் இருக்கும் மனக்குறை நியாயமானதுதான். நடராஜன், வருண், வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் ஆகிய நால்வரும் வெளியூர் சட்டையில் பேர் வாங்கினார்கள். அனுபவசாலிகளை நம்பிப் பல கோப்பை வென்ற அணி என்பதால் அவர்கள் வழியைத் தவறென்று சொல்ல முடியாமல் இருந்தது. கடைசி இடத்தில் முடிந்த 2025 சீசனில் அவர்களே மாறினார்கள். ஏலத்தில் யாரும் எடுக்காத டெவால்ட் பிரெவிஸையும், 17 வயது ஆயுஷ் மாத்ரேவையும் சீசன் நடுவில் சேர்த்துப் பலன் கண்டார்கள். அந்த டிசம்பரில் அபுதாபி ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தார்கள். 30 லட்சம் அடிப்படை விலைக்காரர்கள். பழைய வழியின் மறுகோடி இது. மலிவாகப் பல பேரை எடுத்துப் பொறுத்திருப்பதற்குப் பதில், ஏறிய விலையில் இருவரை எடுத்து அந்த விலையின் பாரத்தை அவர்கள் முதுகில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த இருவரையும் குறைந்தது மூன்று சீசன் கைவிடாமல் வைத்திருந்தால் மட்டுமே இந்த முடிவுக்கு அர்த்தம் உண்டு.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. டிஎன்பிஎல்லில் மாவட்டத்திலிருந்து முதல்முறை வரும் 21 வயதுக்குட்பட்டவரை எடுக்கும் அணி, அவரை இரண்டு சீசனாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி போடலாம். அணிக்கு ஒரு சில லட்சம்தான் செலவு. சென்னை லீக்கில் இடம் பிடித்தால்தான் தேர்வாளர் கண்ணில் படலாம் என்ற நிலைமைக்கும் அது கொஞ்சம் மாற்றாக இருக்கும். 2024-இல் கோப்பை வென்று, 2025-இல் நத்தம் மைதானத்திலேயே இறுதி ஆட்டத்தில் திருப்பூரிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்ற திண்டுக்கல் டிராகன்ஸே இதைத் தானாகத் தொடங்கினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 14.20 கோடி என்ற எண் செய்தித்தாளில் வந்ததும் ஊருக்கு ஊர் இடைத்தரகர்கள் கிளம்புவார்கள். ஏலப் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன், அணி முகாமுக்கு அனுப்புகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஐபிஎல் ஏலத்துக்குப் பெயர் போவது மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான், அதற்கு வழக்கமான முதல் படி மாவட்டச் சங்கத்தின் வயதுப்பிரிவுத் தேர்வு. அந்தத் தேர்வு எப்போது என்று திண்டுக்கல் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் நேரடியாகவே கேளுங்கள், பிறப்புச் சான்றிதழைச் சரியாக வைத்திருங்கள், நடுவில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.